உன் பேர் வரும் இடம்

தெப்ரே பெர்ஹானுக்கு அப்பால், எத்தியோப்பியா
12 பிப்ரவரி 1972

அன்புள்ள புஷ்பம் அக்காவுக்கு,

நான் மூன்று கடிதம் போட்டேன். நீ ஒன்று போட்டாய், அதிலும் முக்கால்வாசி திட்டு. பரவாயில்லை, திட்டாவது தமிழில் வருகிறதே. இங்கே வந்து நாலு மாதமாக என்னோடு தமிழ் பேச ஆளில்லை. குளிக்கும்போது எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். குளிப்பதும் தினமும் இல்லை, அந்தக் குளிர் இங்கே. அம்மாவிடம் சொல்லாதே.

அம்ஹாரிக் மொழியில் எழுத்தெல்லாம் முடித்துவிட்டேன். நம் உயிர்மெய் போல ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு உருவம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் வந்த வெள்ளைக்காரர் எழுத்தைக் கண்டே மிரண்டுபோனாராம். நமக்கு என்ன, சின்ன வயதிலேயே கௌ, ஙௌ வரைக்கும் அடிவாங்கிப் படித்தவர்கள்தானே. வினைச்சொல்லும் நம்மைப் போலக் கடைசியில்தான் வருகிறது. ஆனால் பேச வாயைத் திறந்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காலை ஏழு மணியை இவர்கள் ஒரு மணி என்பார்கள், அதில் இரண்டு நாள் வகுப்புக்கே போகாமல் விட்டேன். உடன் வேலைபார்க்கும் தெஸ்ஃபாயே என்ற வாத்தியார் ஆங்கிலம் தெரிந்தவர், அவர்தான் அப்போதெல்லாம் காப்பாற்றுகிறார்.

நான் குடியிருப்பது வொய்ஸெரோ அல்மாஸ் வீட்டில். வொய்ஸெரோ என்றால் திருமதி. விதவை, அம்மா வயதுதான் இருக்கும். ஒரே மகன் கெத்தாச்சு அடிஸ் அபாபாவில் லாரி ஓட்டுகிறான். அவன் வரும் நாள் தெரிந்தால் இந்தம்மா இரண்டு நாள் முன்பே பார்லி வறுக்க உட்கார்ந்துவிடுவார். எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்து, நான் நன்றி சொல்வதைத் திருத்திவிட்டு, மறுபடியும் சொல்லச் சொல்வார். இந்த வீட்டில் உட்கார்ந்துதான் நான் பேசப் பழகுகிறேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். சென்ட்ரலில் பம்பாய் வண்டி நகரும்வரை ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா வரவில்லை. அது போகட்டும். ஒரே ஒரு வரி எழுதச் சொல். விசாரிக்க வேண்டாம், ஆசீர்வதிக்க வேண்டாம், 'சொர்ணம்' என்று கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும். அது வந்தால் இங்கே நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் தம்பி
ஜவஹர்


மோதிலால் தெரு, தி. நகர், சென்னை-17
4 மார்ச் 1972

ஜவஹர்,

கடிதம் வந்தது. நம் தபால்காரர் வைரவன் உன் கடிதத்தை மட்டும் பையில் தனியாக வைத்திருந்து, தெருமுனையிலிருந்தே "இன்னாம்மா, தம்பி கடுதாசி வந்துக்கீது!" என்று கூவிக்கொண்டு வருகிறார். தெருவே கேட்கிறது. அம்மாவுக்கு மட்டும் கேட்பதில்லை.

நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எழுது" என்றாள். பாண்டி பஜாரில் பாத்திரக்கடை நடத்தி, ரயில்வே கூட்ஸ் ரசீதில் பிழை கண்டுபிடிக்கிறவள் சொல்கிறாள் இதை. நீ போன அன்று அவள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ திரும்பி வந்து வாசலில் நிற்கிற வரைக்கும் உன் பேரை வாயில் எடுக்கமாட்டேன் என்றாள். எடுக்கவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்தில் என் பேரைச் சொல்கிறாள். அதற்கு அடுத்து உன் பேர் வரவேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள். மூச்சு இழுத்துவிட்டு, கடைப் பையன்கள் பேருக்குப் போகிறாள். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆன பீர் முஹம்மதுக்குக் கூட ஜெபம் உண்டு, பெற்ற பிள்ளைக்கு இல்லை. கேட்டாயே, அதனால் சொல்கிறேன்.

போன வாரம் மைலாப்பூர் மாமி ஒருத்தி எவர்சில்வர் அடுக்கு வாங்க வந்தவள், "உங்காத்துப் பிள்ளை ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கானாமே? அங்கேல்லாம் சாமி கும்பிடாதவாளா இருக்கா?" என்று கேட்டாள். அம்மா, "அவங்க நமக்கு முந்தியே வேதத்தில சேந்தவங்களாம். பாடத்தை முடிச்ச பிள்ளைக்குப் பாடம் நடத்தப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டு, பில்லில் நாலணா கூடக் குறைத்தாள். அவள் சொல்வதில் தப்பு இருக்கிறதா, நீயே சொல்.

எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. பகலெல்லாம் அபிராமபுரத்தில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கடை. இருபத்தொன்பது வயதாகிறது. வருகிற மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் "கடைக்கு ஆண்பிள்ளை யாரு?" என்று கேட்கிறார்கள். நான் என்ன, எத்தியோப்பியா மேப்பை விரித்துக் காட்டட்டுமா?

அம்மாவுக்குச் சாயங்காலமானால் கால் வீங்குகிறது. படி ஏறினால் இரைக்கிறது. டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறாள். வெள்ளைத்துரை மாமா பாலவாக்கத்திலிருந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். வழக்கம்போல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா செத்த தந்தி தனக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது என்று பதினோரு வருஷமாக நம் வீட்டில் கை நனைக்காத மனுஷர். நம் ஜனங்களின் ரோஷம் இப்படி. நீயும் அதே ரத்தம்தான்.

ஸ்வெட்டரைக் கழற்றாதே. தினமும் குளி.

புஷ்பம்


28 மார்ச் 1972

அக்கா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். இல்லை, காட்டு. எனக்குத் தெரியவில்லை.

கெத்தாச்சு இறந்துவிட்டான். மிஷன் கூட்டத்துக்கு நான் அடிஸ் அபாபா போயிருந்தபோது சொன்னார்கள். மலைப்பாதையில் லாரி உருண்டு, அங்கேயே முடிந்துவிட்டது. அவன் முதலாளி அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார். நான் பஸ் பிடித்து ஓடிவந்தேன், அல்மாஸ் அம்மாவை எந்தக் கோலத்தில் பார்க்கப்போகிறேனோ என்று. வந்து பார்த்தால் அவர் வாசலில் உட்கார்ந்து பார்லி வறுத்துக்கொண்டிருக்கிறார்! "கெத்தாச்சு ஈஸ்டருக்கு வருவான், உனக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

தெஸ்ஃபாயேயிடம் ஓடினேன். அவருக்குத் தெரிந்திருந்தது. கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தது, கழுதை மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஒரு வாரமாக ஊரே அந்தம்மாவைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. "அவளுடைய தங்கை தூரத்து ஊரிலிருந்து வரவேண்டும். வந்ததும் விடியற்காலையில் எல்லாரும் போவோம். அதுவரை நீ வாயைத் திறக்காதே" என்றார். இந்தச் சாவுச் சேதிக்கு மெர்தோ என்று பேர். அதற்கு ஒரு முறை இருக்கிறதாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது, அக்கா. பெற்றவளுக்குத் தெரியாமல் ஊரே தெரிந்துவைத்துக்கொள்வதா? நம் வீட்டில் ஒரு நாள் தாமதத்துக்குப் பதினோரு வருஷம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார் மாமா. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். அந்தம்மா மகனுக்கென்று வெண்ணெய் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. நாலாவது நாள் மத்தியானம் அவர் தனியாகக் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து சொல்லிவிட்டேன். முதல்நாளே மனத்தில் வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். ஒரு பிழையில்லை. இத்தனை மாதத்தில் நான் தடுமாறாமல் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அப்படியே முன்னால் சரிந்தார், கரி அடுப்பின்மேல். நான் இழுப்பதற்குள் வலது உள்ளங்கை வெந்துவிட்டது. வீட்டில் வேறு யாருமே இல்லை. எனக்கு யாரை எப்படிக் கூப்பிடுவதென்று அந்த மொழியில் வரவில்லை, "அக்கா அக்கா" என்று தமிழில் கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டார்கள்.

கட்டுப்போட்ட பிறகு அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "என்னைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னாயே."

இப்போது பள்ளிக்கூட அறையில் படுத்திருக்கிறேன். வணக்கம் சொன்னால் யாரும் திருப்பிச் சொல்வதில்லை. பிள்ளைகளும் சிரிப்பதில்லை. உண்மையைத்தானே சொன்னேன்? நீயே சொல்.

ஜவஹர்


20 ஏப்ரல் 1972

ஜவஹர்,

படித்ததும் எனக்கு உன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. ஊரெல்லாம் தெரிந்து பெற்றவளுக்குத் தெரியாமல் வைப்பது என்ன முறை? அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதவிடவில்லை அம்மா.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படிப்பது வழக்கம். அவள் "எனக்கு வேண்டாம்" என்பாள். ஆனால் ரேடியோவை நிறுத்திவிட்டு, கீரை ஆய்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்காருவாள். அன்றும் உட்கார்ந்தாள். நீ தனியாக இருக்கும்போது போய்ச் சொன்னாய் என்ற இடம் வந்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ ஒத்தையில இருக்கயிலயா போய்ச் சொன்னான்? அந்த மூதிக்கு நான் என்னத்த வளத்தேன்!"

நான் உனக்காகப் பேசினேன். உண்மையைத்தானே சொன்னான் என்றேன்.

"ஏட்டி, உண்மை எங்கயும் ஓடிப்போகாது. உங்கப்பா கும்பகோணத்துக்குச் சரக்கெடுக்கப் போன எடத்துல செத்தாரு. தந்திக்காரன் கடைக்கே வந்து நீட்டிட்டான். ஒரு பொம்பள பழைய பித்தள அண்டா போட வந்திருந்தா. தராசு என் கையில. படிச்சேன். படிச்சிட்டு, அவ அண்டாவ நிறுத்து, துட்டக் குடுத்துதான் அனுப்பினேன். அழணும்னுகூடத் தெரியல. என்னைத் தாங்க ஒரு ஆள் இல்ல. அன்னைக்கு நின்ன மாதிரிதான் இன்னிக்கும் நிக்கேன். எங்க அண்ணனுக்குத் தந்தி குடுக்கணும்னு மறுநாள்தான் புத்தியில வந்திச்சு."

பதினோரு வருஷத்தில் இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று நான் காலேஜிலிருந்தும் நீ பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்தபோது அடுப்பில் சோறு தயாராக இருந்தது, நினைவிருக்கிறதா உனக்கு?

அப்புறம் சொன்னாள், எழுதிக்கோ என்றாள். "அவ கிட்டப் போய் விளக்கம் சொல்லாதன்னு எழுது. அவ வாசல்ல போய் இருக்கச் சொல்லு. தெனமும் போகச் சொல்லு. வெரட்டினாலும் போகச் சொல்லு. வாயத் தெறக்காம இருக்கச் சொல்லு, அதான் அவனுக்குக் கஷ்டம்."

உன் பேரைச் சொல்லவில்லை. ஆனால் நீ போனதிலிருந்து உனக்கென்று அக்கறையாக அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது. நீ கேட்ட ஒரு வரி இதுதான் என்று வைத்துக்கொள்.

அவளுக்கு உடம்பு சரியில்லை. ஒருவழியாக டாக்டரிடம் இழுத்துப்போனேன். இதயம் பலவீனம், உப்பைக் குறை என்றார். கடைக்குப் போவதைப் பாதியாகக் குறைத்திருக்கிறாள். அவளே குறைத்தாள் என்றால் உனக்குப் புரியும்.

அக்கா


16 மே 1972

அன்புள்ள அக்கா,

அம்மாவிடம் உடனே சொல்: போய் உட்கார்ந்தேன்.

முதல் வாரம் அல்மாஸ் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பெருக்கும்போது என் கால் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கினார். துக்கம் விசாரிக்க வருகிற பெண்கள் என்னைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி என்மேல் தண்ணீர் ஊற்றினாள், தெரியாமல் ஊற்றினாள் என்று நான் நினைக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை அக்கா. அம்மா சொன்னது சரி, எனக்கு அதுதான் கஷ்டம். எத்தனை தடவை மன்னிப்பு வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது தெரியுமா? விழுங்கினேன்.

பேசாமல் இருந்ததில் கேட்க ஆரம்பித்தேன். சாவு வீட்டுப் பேச்சு இங்கே பாட்டு மாதிரி. யார் எதைச் சொன்னால் யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதைவிட அந்த வாசலில் கற்றுக்கொண்டது அதிகம்.

போன வியாழக்கிழமை அவர் இடது கையால் காபி வறுத்தார். வலது கை இன்னும் மடங்கவில்லை. இங்கே காபி மூன்று சுற்று கொடுப்பார்கள், மூன்றும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எனக்கு முதல் கோப்பையை வைத்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார். அடுத்த இரண்டும் வரவில்லை. இருந்தாலும் ஒன்று வந்ததே!

மிஷன் பெரியவர்கள் என்னைத் திருப்பி அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் ஒத்துக்கொள்ளாத ஆளை வைத்து என்ன செய்வது என்கிறார்கள். ஜூலையில் முடிவு சொல்வார்களாம். அனுப்பிவிட்டால் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு அப்படிப் பாதியில் வர மனமில்லை. இதை அம்மாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அம்மா கால் எப்படி இருக்கிறது? மறுபடியும் கேட்கிறேன், கோபிக்காதே. இப்போது என்மேல் கொஞ்சம் இரங்கியிருக்கிறாள் அல்லவா. ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பு.

ஜவஹர்


7 ஜூன் 1972

அன்புள்ள தம்பி ஜவஹருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ அந்த அம்மா வாசலில் போய் உட்கார்ந்தது நல்லது. தொடர்ந்து போய் வா. ஒரு நாளும் விடாதே.

இங்கே வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கடை திறந்திருக்கிறது. பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டது. அம்மாவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நீ இன்னும் பள்ளிக்கூட அறையில்தான் தனியாகப் படுக்கிறாயா? ராத்திரி பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? தெஸ்ஃபாயே நல்ல மனிதர் என்று எழுதியிருந்தாய். அவரோடு பிரியமாக இரு. சாப்பாட்டைக் குறைக்காதே.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
அக்கா புஷ்பம்


2 ஜூலை 1972, மாலை

அக்கா,

உன் கடிதம் நாலு நாளாக என் சட்டைப்பையில் இருக்கிறது. யார் எழுதிய கடிதம் அது? ஒரு திட்டு இல்லை. வைரவன் இல்லை, மாமா இல்லை, மைலாப்பூர் மாமி இல்லை. 'அன்புள்ள தம்பி' என்று நீ என்னை எப்போது கூப்பிட்டாய்? அம்மாவின் காலைப் பற்றிக் கேட்டேன், கவலைப்பட வேண்டாம் என்கிறாய். கால் சரியாகிவிட்டதா? கையெழுத்து கேட்டேனே, தரமாட்டேன் என்றாளா? என்ன வசவு சொல்லி மறுத்தாள் என்று எழுதியிருப்பாயே, நீ எழுதாமல் விடுகிற ஆளா?

என்னிடம் எதையாவது மறைத்தாயானால் நான் வெள்ளைத்துரை மாமாவைவிட மோசமானவன். சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. மூன்று நாளாக இங்கே எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். மார்ச்சிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட கடைக்காரன் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தான். அல்மாஸ் அம்மா இரண்டு வேளையும் சாப்பாடு அனுப்புகிறார். இன்று இரண்டாவது கோப்பையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். எழுந்து வரும்போது நான் திரும்பிப் பார்த்தேன், போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தெஸ்ஃபாயே இன்று ராத்திரி என் அறையில் படுத்துக்கொள்கிறேன் என்று பாயோடு வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன், அவர் வீட்டில் ஒழுகுகிறதாம். அவர் வீட்டுக்குத் தகரக் கூரை, போன மாதம்தான் போட்டது.

அக்கா, நான் இதை முன்னால் பார்த்திருக்கிறேன். அந்தம்மாவை ஊர் இப்படித்தான் பார்த்தது.

அவரை உலுக்கிக் கேட்டுவிடலாம். கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே மழை விடாமல் பெய்கிறது. விடியட்டும்.

3 ஜூலை, மத்தியானம்

விடியற்காலையில் வந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். மழையில் வெள்ளைப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். தெஸ்ஃபாயே கதவைத் திறந்து எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அல்மாஸ் அம்மா முன்னால் வந்து, வெந்த கையையும் நல்ல கையையும் என் தோளில் வைத்தார். "மகனே, உன் தாய் இளைப்பாறிவிட்டார்" என்றார்.

நான் விழவில்லை. விழ விடவில்லை, அத்தனை கைகள் பிடித்திருந்தன. நான் "யம்மா" என்று தமிழில் அழுதேன். அவர்கள் அவர்கள் மொழியில் அழுதார்கள். நம் அம்மாவைக் கண்ணால் பார்க்காத ஜனங்கள், அக்கா. அவள் பேரைக் கேட்டுவைத்திருந்தார்கள். சொர்ணம், சொர்ணம் என்று சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார்கள். இன்னும் அறை நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு ஊட்டிவிட்டார்கள். மூன்றாவது கோப்பையும் குடித்தேன்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். நீதான் தெஸ்ஃபாயேவுக்கு எழுதினாய். மே மாதக் கடைசியில் போனவளுக்கு நான் ஜூலையில் அழுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் நான் சாப்பிட்டேன், சிரித்தேன், பிள்ளைகளோடு பந்து விளையாடினேன். செத்துப்போனவளிடம் கையெழுத்து கேட்டுக்கொண்டிருந்தேன்! என் அம்மாவின் சாவை என்னிடமிருந்து ஒளிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவள் கடைசியில் என்ன சொன்னாள்? என் பேரைச் சொன்னாளா இல்லையா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

ஜவஹர்


24 ஜூலை 1972

ஜவஹர்,

உறைக்குள் இரண்டு தாள் இருக்கும். இரண்டாவதை மடித்து நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படி.

யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டாய். அம்மா கொடுத்தாள். உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்த அன்று அவள் சொன்னதில் ஒன்றை நான் உனக்கு எழுதவில்லை, எழுதக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்குத் தந்தி அடிச்சிராத. கடுதாசியில போட்டு ஒத்தையில படிக்க வச்சிராத. அந்த ஊர்ல நாலு பேரு அவனப் பிடிச்சிக்கிடுற நாள் வரட்டும். அதுக்கு அப்புறம் சொல்லட்டும்." அதற்காகத்தான் உன்னை அந்தம்மா வாசலுக்கு அனுப்பினாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. உன்னைப் பிடித்துக்கொள்ள அங்கே ஆள் வேண்டுமே.

உன் மே மாதக் கடிதம் வந்தபோது அவள் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. வைரவன் கூவாமல் வந்து, சைக்கிளை நிறுத்தி, கையில் கொடுத்துவிட்டு, "நீயே படிச்சிக்கம்மா" என்று போய்விட்டார். நீ உட்கார்ந்தாய், ஒரு கோப்பை வந்தது என்று படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன், பழக்கம். ரேடியோவை நிறுத்த ஆளில்லை. அன்றே தெஸ்ஃபாயேவுக்கு எழுதினேன். என் இங்கிலீஷில் உன் மிஷன் முகவரிக்கு, விடியற்காலையில், எல்லாரோடும், அந்தம்மாவும் கூட இருக்கவேண்டும் என்று. உனக்கு எழுதிய அந்தக் கட்டைக் கடிதத்தை ஏழு தடவை கிழித்தேன். நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். வேறு என்ன செய்ய?

அடக்கத்துக்குக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கேட்டார்கள், மகனுக்குச் சொல்லிவிட்டாயா என்று. இல்லை என்றேன். வெள்ளைத்துரை மாமா குழிப்பக்கத்திலேயே வைத்து, "நீயெல்லாம் ஒரு பெண்ணா? கொள்ளி வைக்கிற சாதி இல்லன்னாலும் ஒரு பிடி மண் போடப் பிள்ளைக்கு உரிமை இல்லையா?" என்று கத்தினார். எதிர்வீட்டு அன்வரி பேகம் மட்டும்தான் என் கையை விடாமல் நின்றாள். உன் பங்குக்கும் நான் ஒரு பிடி போட்டேன். மாமாவிடம் விளக்கம் சொல்லவில்லை. நானும் அம்மா சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன், முப்பது பேர் மழையில் வந்து நின்றதை. முழுதும் கேட்டார். அப்புறம், "ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார். குடித்தார்.

நீ என்மேல் கோபப்படு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபப்படு. தண்ணீர் குடிக்காமல் இரு, பேசாமல் இரு, பழகிவிட்டது எனக்கு. ஆனால் அங்கேயே இரு; ஊர் ஒத்துக்கொள்ளாத ஆள் என்று மிஷன் பெரியவர்கள் இனிச் சொல்ல முடியாது. கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் வருகிற மாப்பிள்ளை "கடைக்கு ஆண்பிள்ளை யாரு?" என்று கேட்டால் வெளியே அனுப்பிவிடுவேன்.

இப்போது எழுந்திரு. இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு அல்மாஸ் அம்மா வீட்டுக்குப் போ. அவர் காபி போடட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு நூலைப் பிரி.

புஷ்பம்


(இரண்டாவது தாள்)

உட்கார்ந்தாயா? பக்கத்தில் அவர் இருக்கிறாரா?

நீ கேட்டதற்குப் பதில். சொல்லவில்லை, ஜவஹர். கடைசிவரைக்கும் உன் பேரை அவள் சொல்லவில்லை. வைராக்கியக்காரி, உனக்குத் தெரியாதா.

அன்று சனிக்கிழமை. கட்டிலில் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். எட்டு மணிக்கு ஜெபம் பண்ணலாமா என்றேன். நானே பண்ணுறேன் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சபைக்கு, தெருவுக்கு, அன்வரி பேகம் வீட்டுக்கு எல்லாம் வேண்டிக்கொண்டாள். என் பேரைச் சொன்னாள். அதற்கடுத்து உன் பேர் வரும் இடத்தில் எப்போதும்போல் நிறுத்தினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும், அன்றும் வந்தது. ஒரு மூச்சு நேரம்தான் நிறுத்துவாள் என்று உனக்கு எழுதினேனே, அது போகப்போக நீண்டுகொண்டே வந்திருந்தது. உன் அடுப்புக் கடிதத்துக்கு அப்புறம் ரொம்ப நீளம். எனக்குக் கால் மரத்துப்போகிற அளவுக்கு அந்த இடத்திலேயே இருப்பாள். மற்றவர்களுக்கெல்லாம் பேரோடு ஒரு வரி, உனக்குப் பேரில்லாமல் அவ்வளவு நேரம். அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. கோபம் போய்விட்டது. கண்ணைத் திறக்காமல் நானும் அவளோடு உனக்காக வேண்டிக்கொண்டேன்.

அடுத்து பீர் முஹம்மது பேர் வரவேண்டும். வரவில்லை.